செந்தாழினிக்குப் பின்னால் வந்த பங்கர்

செந்தாழினியோட சேர்ந்து அவளின்ர பங்கரும் மருதன்கண்டலுக்குத் திரும்பி வந்தது எண்டு நான் சொன்னால் வெளியூர்ச் சனம் என்னை மேலையும் கீழையும் பார்க்கும். எங்கட ஊரில ஆரையும் கேட்டுப்பாருங்கோ. ஓம், வந்ததுதானே, அதுக்கென்ன இப்ப எண்டு சொல்லிப்போட்டுத் தங்கட அலுவலைப் பார்க்கப் போவினம். முகாமிலயிருந்து எங்களை ஏத்திக்கொண்டு வந்த பஸ் பள்ளிக்கூடத்தடியில நிண்டுது, புழுதி அடங்க முதலே ஆக்கள் இறங்கினவை, தறப்பாளும் வாளியும் அரிசி மூடையும் இறங்கிச்சுது, கோகிலா தன்ர ஒரே பிள்ளை செந்தாழினியைக் கையில பிடிச்சுக்கொண்டு இறங்கினவள். எட்டு வயசுப் பிள்ளை, ரெண்டு பக்கமும் பார்த்துப்போட்டு, களைச்சுப்போய் வேப்பமரத்தடியில குந்தினாள். அவள் குந்தின இடத்துக்குப் பக்கத்தில நிலம் சத்தமில்லாமல் வாயைத் திறந்துது, உள்ளுக்குள்ள ஒரு பங்கர் இருந்துது.

பங்கர் எண்டால் ஷெல்லடிக்கேக்க சனம் பாய்ஞ்சு இறங்கிப் பதுங்கிற கிடங்கு. அதைப்பற்றி எங்களுக்கு ஒருத்தரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் அடுப்புக்குக் கல்லு வைக்க முதல் நாங்கள் பங்கர்தான் வெட்டினனாங்கள், வெட்டி, மேலை பனங்குத்தி போட்டு, அதுக்கு மேலை மண்மூடை அடுக்கி, உரப்பை தீர்ந்துபோன இடத்தில பெண்டுகளின்ர சீலையளைக் கிழிச்சுத் தைச்சு அதுக்குள்ள மண்ணை நிரப்பினனாங்கள். வேப்பமரத்தடிப் பங்கரைச் சனம் சுத்தி நிண்டு பார்த்துது. 'ட' எழுத்து மாதிரி மடிஞ்ச வெட்டு, செதுக்கி எடுத்த சுவர், இறங்கிற படியள் எல்லாம் கொஞ்சம் இடப்பக்கம் சரிவு. வாசலில இருந்த மூடை ஒண்டு சிவப்பு, அதின்ர கரையில சரிகை மினுங்கினது. கோகிலாவின்ர கூறைச்சீலை அது. ஒருத்தரும் ஐயோ எண்டு கத்தேல்லை, ஒருத்தரும் மயங்கி விழேல்லை. உழவு மெசின் ஓடுற அருட்செல்வம் மட்டும் குனிஞ்சு படியைத் தடவிப் பார்த்துப்போட்டு, இது பாலேந்திரன்ர வெட்டு, அவன் இடக்கைக்காரனெல்லோ எண்டு சொன்னான். சனம் தலையாட்டிச்சுது. பிறகு எல்லாரும் தங்கட மூட்டையளைத் தூக்கிக்கொண்டு தங்கட வளவு எங்கை கிடக்குதெண்டு தேடிப் போயிட்டினம்.

பாலேந்திரன் கோகிலாவின்ர மனுசன், செந்தாழினியின்ர தேப்பன். அவனைப்பற்றிச் சொல்லாமல் விட்டால் என்ர வாய் அழுகிப்போகும். ஊர் ஓடின ஓட்டத்தில ஒவ்வொரு இடத்திலயும் முதல் விழுந்த மண்வெட்டி அவன்ர. தன்ர குடும்பத்துக்கு வெட்டி முடிச்ச கையோட, ஆம்பிளையில்லாத வீடுகளுக்கு வெட்டப் போயிடுவான். ஷெல் வரேக்க எல்லாரையும் இறக்கிப்போட்டுத் தான் வாசலில காதைச் சரிச்சுக்கொண்டு நிப்பான். பங்கர் எண்டால் மேலை ஒருத்தர் நிக்கவேணும், அது எங்கட ஒழுங்கு. மேலை நிக்கிறவர் சத்தத்தைக் கேட்டு, எங்கை குத்துது, எங்கை விழுது, ஓய்ஞ்சுதோ இல்லையோ எண்டு பார்த்து, முடிஞ்சுது, ஏறுங்கோ எண்டு கூப்பிட்டால்தான் கீழை இருக்கிறவை ஏறலாம். அவசரப்பட்டு ஏறின கன பேர் திரும்பி இறங்கேல்லை. பாலேந்திரன் கூப்பிடக் கூப்பிட நாங்கள் உயிரோட ஏறினனாங்கள்.

கடைசியாக் கடற்கரை மணலில அவன் வெட்டின பங்கரில பிள்ளையை இறக்கிப்போட்டு, அப்பா வந்து கூப்பிடும்வரைக்கும் ஏறாதை குஞ்சு எண்டு சொல்லிப்போட்டு, கஞ்சிக்கு வரிசையில நிண்ட கோகிலாவைக் கூட்டிவரப் போனவன். கோகிலா வந்திட்டாள். அவன் வரேல்லை. சனமெல்லாம் தண்ணியைக் கடந்து முகாமுக்குப் போகேக்க அந்தப் பிள்ளை ஏறமாட்டன் எண்டு சிவப்பு மூடையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடந்தாள், நாங்கள்தான் பிடுங்கி எடுத்துத் தோளில போட்டுக்கொண்டு வந்தனாங்கள். விளங்குதே, அவளைத் தூக்கினது நாங்கள். அவளா ஏறேல்லை. பங்கர் அவளுக்குப் பின்னால வந்ததுக்கு இதைவிட வேறை விளக்கம் வேணுமெண்டால் வேறை ஆக்களைக் கேளுங்கோ.

முதல் கிழமை சனம் கொஞ்சம் புதினம் பார்த்துதுதான். பிறகு பழகியிட்டுது. பிள்ளை எங்கை போய் இருந்தாளோ அங்கை அது வந்து திறக்கும், அவள் எழும்பிப் போனால் பழைய இடத்தில நிலம் மூடி, புல்லுக்கூட மடங்காமல் கிடக்கும். பள்ளிக்கூடத்தில ரீச்சர் அவளுக்குக் கதவோரமா இடம் குடுத்தவ. பங்கர் விறாந்தையோட ஒட்டி வந்து நிக்க, ஏதும் சத்தம் கேட்டால் பிள்ளை இறங்கியிடுவாள், ரீச்சர் ஏழாம் வாய்ப்பாட்டைக் கேட்டால் பதில் நிலத்துக்குள்ளயிருந்து வரும், வந்தாலும் சரியா வரும். பிள்ளையார் கோயில் வீதியில ஐயர் அதைக் கண்டுபோட்டு, ரெண்டு துளி தீர்த்தம் தெளிச்சு, பூசைக்கு நேரம் போகுதெண்டு உள்ளுக்குப் போனார். பிள்ளையை டவுன் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோன நாள் பஸ் ஸ்ராண்டில அது திறந்துபோய், கொண்டக்டர் பார்த்துப்போட்டு, உதுக்கும் சேர்த்து டிக்கெட் கிழிக்கிறதோ எண்டு கோகிலாவைப் பகிடிக்குக் கேட்டவன். திரும்பி வரேக்க அவன்தான் டிறைவருக்குச் சொல்லி பஸ்ஸை மெதுவா விடப்பண்ணினவன், பின்னால வாற பங்கர் களைச்சுப்போகுமாம். என்ர ஆடு ஒருக்கா அதுக்குள்ள விழுந்துது. நான் பங்கரைப் பேசேல்லை, ஆட்டைத்தான் பேசினனான்.

எங்கட கிராமசேவகர், விதானையார் எண்டுதான் கூப்பிடுவம், வீட்டுத்திட்டத்துக்கு அளக்க வந்த இடத்தில, அத்திவாரத்தைப் பங்கருக்குக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ எண்டு சொன்னதைத் தவிர வேறை ஒண்டும் கேக்கேல்லை. அவர் என்னத்தைக் கேக்கிறது, அவற்ர ரெண்டு பிள்ளையளும் கட்டிலுக்குக் கீழதான் படுக்கிறவை. அருட்செல்வத்தின்ர மகன் சாப்பாட்டில பாதியை எப்பவும் காச்சட்டைப் பைக்குள்ள ஒளிச்சு வைப்பான். ஊரில எல்லாப் பிள்ளைக்கும் பின்னால ஏதோ ஒண்டு வந்துதான் இருந்துது. செந்தாழினிக்கு வந்தது கண்ணுக்குத் தெரிஞ்சுது, அவ்வளவுதான்.

பகிடியெல்லாம் புரட்டாசி வரைக்கும்தான். பங்கர் ஒவ்வொரு பயத்துக்கும் ஆழப்பட்டுக்கொண்டு வந்துது. வளவில தேங்காய் விழுந்தால் ஒரு சாண் இறங்கும், வானத்தில ஹெலி போனால் ஒரு முழம் இறங்கும். பிள்ளை பிறகுபிறகு அதுக்குள்ளயே சாப்பிட்டு, அதுக்குள்ளயே படிச்சு, அதுக்குள்ளயே நித்திரை கொள்ளத் தொடங்கினாள். எங்கட மண்ணையும் மாரியையும் தெரிஞ்சவைக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஐப்பசி பிறந்து மழை பிடிச்சால் கிடங்குக்குள்ள தண்ணி ஊறும், சுவர் கரைஞ்சு இடியும். ஷெல்லுக்குத் தப்பி, மழைக்குப் பங்கர் மூடிச் செத்த சனமும் இருக்குது.

நான் ஆரெண்டு சொல்லேல்லை என்ன. என்ர பேர் தவமணி, ஊரில மில்லடித் தவமக்கா எண்டுதான் கூப்பிடுவினம். மிளகாய்த்தூள், மா, நெல்லு எல்லாம் என்ர மில்லிலதான் அரைபடும், சுத்துவட்டாரத்தில வேறை மில் கிடையாது. கோகிலா ஒருநாள் மிளகாய் அரைக்க வந்தவள், சுளகை மடியில வைச்சுக்கொண்டு அப்பிடியே நிலத்தில இருந்திட்டாள். "தவமக்கா, மழை வந்தால் என்ர பிள்ளையை அது உயிரோட மூடிப்போடும். மனுசன் எங்கை எண்டும் தெரியாது. இவளும் இல்லாமல் போனால் நான் ஆருக்கு இருக்கிறது?" எண்டு கேட்டாள். மனுசன் செத்திட்டான் எண்டு அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நாங்களும் அவளுக்கு முன்னால சொன்னதில்லை. மாரிக்கு முதல் அந்தப் பிள்ளையை மேலை எடுக்காட்டி நாங்களும் ஒரு ஊரோ எண்டு எனக்கு அண்டைக்கு நெஞ்சு கொதிச்சுது. கடை கடையா, வளவு வளவா ஏறி இறங்கி எல்லாரையும் பிடிச்சன்.

முதல்ல அருட்செல்வம் தன்ர பலத்தைக் காட்டினான். ரெயிலர் நிறையக் கிரவல் மண் கொண்டுவந்து, பிள்ளை ஒருக்கா ஏறி அடுப்படியில சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஆம்பிளையளெல்லாம் சேர்ந்து அடுப்படிக்குப் பக்கத்தில திறந்த பங்கரைத் தூர்த்து, மிதிச்சு, தண்ணி தெளிச்சு, மட்டம் பார்த்தும் விட்டாங்கள். விடியப் போய்ப் பார்த்தால் பங்கர் திறந்து கிடக்குது, போட்ட மண் முழுக்க வெளியில வரம்பு பிடிச்ச மாதிரிச் சீரா அடுக்கிக் கிடக்குது. மண்ணை எடுத்துப் போட்ட விதத்திலயும் இது பாலேந்திரன்தான், என்ன மாதிரி வேலை பாருங்கோ எண்டு அருட்செல்வம் பெருமைப்பட வேறை வெளிக்கிட்டிட்டான். அவனுக்கு நான் நல்லாக் குடுத்தன்.

பிறகு டவுனிலயிருந்து ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள், பிள்ளையளின்ர மனசைத் தேத்த எண்டு, கலர்ப் பென்சிலும் பந்தும் கொண்டு வந்தவை. நல்ல பிள்ளையள், அவையைக் குறை சொன்னால் எனக்குப் பாவம் பிடிக்கும். ஊர்ப் பிள்ளையள் எல்லாத்தையும் மரத்துக்குக் கீழை இருத்தி, பாட்டுப் படிப்பிச்சு, படம் கீறச் சொல்லிச்சினம். விதானையாற்ர சின்னவன் முதல்நாள் முழுக்கத் தாளில கறுப்பை மட்டும் பூசினவன், கிழமை முடியேக்க ஒரு மாடும் கீறினான், அந்த மாட்டைப் பார்த்து விதானையார் கண்ணைத் துடைச்சவர். நித்தியகல்யாணி எண்ட பிள்ளை பங்கர் வாசலில சப்பாணி கட்டி இருந்து செந்தாழினியோட நாள் முழுக்கக் கதைக்கும், செந்தாழினியும் வாயாடிதான், வாயடிச்சுக்கொண்டு இருப்பாள், ஆனால் ஏறமாட்டாள். போகேக்க நித்தியகல்யாணி எங்களைக் கூப்பிட்டு, அவளை இழுக்காதையுங்கோ, பயம் குறைஞ்சால் அவளாவே ஏறுவாள் எண்டு சொல்லிப்போட்டுப் போனவ. நல்ல வார்த்தைதான். நாங்கள் அதை எங்கட பாட்டுக்கு விளங்கிக்கொண்டம்.

பயம் எதால வருது, சத்தத்தால வருது, அப்ப சத்தத்தை நிப்பாட்டுவம் எண்டு ஊர்க்கூட்டத்தில முடிவெடுத்தம். எடுத்தால் எடுத்ததுதான், எங்கட ஊர் அரைகுறை வேலை செய்யாது. கோயில் மணியின்ர நாக்கில துணி சுத்தினது, தேங்காயை அடிச்சு உடைக்காமல் வாளால அரிஞ்சது, அருட்செல்வம் உழவு மெசினை ஸ்ராட் பண்ணாமல் நாலு பேரைப் பிடிச்சுத் தள்ளிக்கொண்டு வயலுக்குப் போனது, கடுகு வெடிக்குமெண்டு பெண்டுகள் கடுகில்லாமல் தாளிச்சது, கலியாணவீட்டில தாலி கட்டேக்க மேளகாரர் மேளத்தை மடியில வைச்சுக்கொண்டு வெறும் தலையை ஆட்டினது, எல்லாம் நடந்துது. நான் மில்லை நிப்பாட்டினன். சொல்லிக்காட்டுறன் எண்டு நினைக்காதையுங்கோ, இதைச் சொல்லிக்காட்டத்தான் வேணும். உரலில இடிச்சாலும் சத்தம் வருமெண்டு சனம் திருகையில மெல்லமா அரைச்சு, கல்லும் நொய்யும் கலந்த புட்டைத் திண்டுது, ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. ஒரு பிள்ளைக்காக வாயைப் பொத்தின ஊர் வேறை எங்கையும் இருந்தால் சொல்லுங்கோ, நான் பஸ் பிடிச்சு வந்து பார்க்கிறன்.

ஐப்பசி பிறந்துது. வானம் கறுத்துக் கறுத்துக் கலைஞ்சுது. நான் ஒரு பின்னேரம் பிள்ளைக்கு மோதகம் கொண்டுபோனன். பங்கர் கிணறு மாதிரி இறங்கிக் கிடந்துது, கீழயிருந்து அவளின்ர முகம் மட்டும் வெள்ளையாத் தெரிஞ்சுது. ரகசியம் கதைக்கிற மாதிரி அவள் என்னைக் கேட்டாள். "பெரியம்மா, ஏன் ஒரு சத்தத்தையும் காணேல்லை? இனிப் பெரிசா அடிக்கப்போறாங்களோ?"

மோதகம் கையால விழுந்து படியில உருண்டுது. ஷெல்மழை தொடங்க முதல் எல்லாம் அப்பிடித்தான் அடங்கும். குருவி கத்தாது, நாய் குரைக்காது, சனம் கதையை நிப்பாட்டிப்போட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்க்கும், அந்த அடங்கல்தான் எங்களைக் கிடங்குக்குள்ள ஓடவைச்சது. அந்த அடங்கலை நாங்களே கையால பின்னி ஒரு பிள்ளையின்ர தலைக்கு மேலை மூடிவைச்சிருக்கிறம். சத்தத்துக்குப் பயந்தது ஞாபகம் இருந்துது, சத்தமில்லாததுக்கு அதைவிடப் பயந்தது மறந்துபோச்சு. வேறை ஊர்ச் சனமெண்டால் இந்தப் பிழையை விட்டிருக்காது, ஏனெண்டால் வேறை ஊர்ச் சனத்துக்கு இப்பிடி வாயைப் பொத்தவே தெரியாது.

அந்த உடுப்போட ஓடிப்போய் மில்லைப் போட்டன். டக்கு டக்கு எண்டு பெல்ற் ஓடத் தொடங்கிச்சுது, சனம் என்ன ஏதெண்டு கேட்டு வர, நான் கத்திக் கத்தி விசயத்தைச் சொன்னன், ஐயர் துணியை அவிழ்க்க ஓடினார். அந்த நேரம் பார்த்து மழை இறங்கிச்சுது. தூத்தலுமில்லை துமியுமில்லை, வாளியால ஊத்தின மாதிரி ஒரேயடியா இறங்கிச்சுது. நான் மில்லை அப்பிடியே ஓடவிட்டுட்டுக் கோகிலாவின்ர வளவுக்கு ஓடினன், எனக்குப் பின்னால ஊரும் ஓடி வந்துது.

கோகிலா பங்கர் வாசலில முழங்கால் குத்திக் கூப்பிட்டுக்கொண்டு நிண்டாள். நாங்களும் கூப்பிட்டம், ஏறு ராசாத்தி, ஏறு குஞ்சு, தண்ணி வருது எண்டு ஆள் மாறி ஆள் கூப்பிட்டம். அருட்செல்வம் கயிறு விட்டான், அவள் தொடேல்லை. கீழயிருந்து ஒரு பதில்தான் வந்துது. "அப்பா இன்னும் கூப்பிடேல்லை."

கோகிலா கடற்கரைக்குப் பிறகு ஒருநாளும் அந்தப் படியில கால் வைச்சதில்லை. அண்டைக்குத் தன்ர கூறைச்சீலையில கையை ஊண்டி இறங்கிப் போனாள், போய்ப் பிள்ளையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு தண்ணிக்குள்ள இருந்திட்டாள். எனக்கு மேலை நிக்க ஏலுமோ? ஒரு வீட்டுக்காரி பங்கருக்குள்ள இருக்க, அயலட்டைக்காரி வெளியில நிண்டு புதினம் பார்க்கிற வழக்கம் எங்களிட்டை இல்லை. நானும் இறங்கினன். எனக்குப் பின்னால ரீச்சர் இறங்கினா, அருட்செல்வம் மகனைத் தோளில வைச்சுக்கொண்டு இறங்கினான், விதானையார் ரெண்டு பிள்ளையளோடயும் இறங்கினார், ஐயர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சிவசிவா எண்டு இறங்கினார். ஒவ்வொரு ஆளுக்கும் பங்கர் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி இருந்து இடம் விட்டுது. அதில அதிசயப்பட என்ன கிடக்கு. பங்கருக்குள்ள இடமில்லை எண்டு ஒருத்தரைத் திருப்பி அனுப்பின கதை வன்னியில இல்லை. சொந்தமோ பகையோ, பேர் தெரிஞ்சவரோ தெரியாதவரோ, வாசலில ஒரு நிழல் தெரிஞ்சால் உள்ளுக்கிருக்கிறவை காலை மடக்கி இடம் விட்டவை, நாலு பேருக்கு வெட்டின கிடங்கில ஊர்பாதி உயிர் தப்பினது. எல்லாத்தையும் விட்டுப்போட்டு வந்தம், அந்தப் பழக்கத்தை நாங்கள் விட்டுப்போட்டு வரேல்லை.

யோசிச்சுத் திட்டம் போட்டு இறங்கினனாங்களோ எண்டு பிறகு கன பேர் கேட்டவை. இல்லை. அவள் ஏற மாட்டாள், அவளைத் தனிய விடவும் ஏலாது, வேறை வழி தெரியேல்லை. முழு ஊரும் அந்தக் கிடங்குக்குள்ள ஒருத்தரோட ஒருத்தர் நெருக்கிக்கொண்டு நிண்டம். தண்ணி கணுக்காலால ஏறி முழங்காலுக்கு வந்துது. ஐயருக்குப் பக்கத்தில சுவரில ஒரு கட்டி மண் பொத்தெண்டு விழுந்துது. ஒருத்தரும் ஏறுவம் எண்டு சொல்லேல்லை. செந்தாழினி தாயின்ர மடியிலயிருந்து எழும்பி எங்களை ஒவ்வொருத்தரா எட்டிப் பார்த்தாள், பிறகு வாசலைப் பார்த்தாள். வெளியில ஆர் நிக்கினம் எண்டு கேட்டாள். ஒருத்தருமில்லைப் பிள்ளை, எல்லாரும் இஞ்சைதான் எண்டு விதானையார் சொன்னார்.

அவளுக்கு வந்த கோவத்தைப் பார்க்கவேணும். "அப்ப சத்தம் பார்க்கிறது ஆர்?" எண்டு கேட்டாள்.

பிள்ளை கேட்டது சரி. மேலை ஒருத்தரும் இல்லாமல் ஒரு ஊர் முழுக்கப் பங்கருக்குள்ள இறங்கினது அதுதான் முதல்தரம். பாலேந்திரன் இருந்திருந்தால் எங்களைக் கிழிச்சிருப்பான். அருட்செல்வம் நான் போறன் எண்டு அசைஞ்சான், நெருக்கத்துக்குள்ள அவனால திரும்பவும் ஏலேல்லை. செந்தாழினி விலகுங்கோ எண்டாள். விலகினம். அவள் எங்கட கையளுக்குக் கீழாலயும் முழங்கால்களுக்கு இடையாலயும் நுழைஞ்சு, இடப்பக்கம் சரிஞ்ச படியளில ஒண்டு ஒண்டா ஏறி, சிவப்பு மூடையில கையை வைச்சு, தலையை மழைக்குள்ள நீட்டினாள். நீட்டி, காதைச் சரிச்சாள். தேப்பன் நிக்கிற அதே நிலை. கோகிலா என்ர கையை இறுக்கிப் பிடிச்சாள், நகம் பதிஞ்ச அடையாளம் கன நாள் கிடந்துது.

"உது மழை," எண்டு மேலயிருந்து சொன்னாள். நாங்கள் மூச்சுவிடேல்லை. "உது தவளை." கொஞ்சம் பொறுத்து, "கோயில் மணி, காத்துக்கு அடிக்குது." பிறகு தலையை மற்றப்பக்கம் திருப்பினாள். "டக்கு டக்கெண்டு கேக்கிறது பெரியம்மான்ர மில்." அந்தச் சத்தங்களுக்கு அங்காலயும் அவள் கேட்டுக்கொண்டு நிண்டாள், அங்கால ஒண்டுமில்லை எண்டு வடிவாத் தெரியும்வரைக்கும் கேட்டாள். தண்ணி பிள்ளையளின்ர இடுப்புக்கு வந்திட்டுது.

பிறகு திரும்பிக் கீழை பார்த்தாள். முகம் முழுக்க மழை. "அப்பா தான் வந்து கூப்பிடுவன் எண்டு சொன்னவர். அவர் வரமாட்டார், அம்மா. நான் கூப்பிடுறன். முடிஞ்சுது, ஏறுங்கோ."

கோகிலா கத்தின கத்தல் மண்ணுக்குள்ளயிருந்து வந்தது மாதிரி இருந்துது. தன்ர மனுசனைப் பேர் சொல்லி அவள் அழுதது அண்டைக்குத்தான். நாங்களும் அழுதனாங்கள், எங்கட எங்கட ஆக்களைப் பேர் சொல்லி அழுதனாங்கள், ஒவ்வொருத்தரும் அவரவற்ர கடற்கரையில விட்டுட்டு வந்த பேரைச் சொன்னவை, அழுதழுதே ஏறினனாங்கள். சண்டை எப்பவோ முடிஞ்சுது எண்டு ரேடியோ சொன்னது, பேப்பர் சொன்னது. மேலை நிண்டு ஒருத்தரும் எங்களைப் பார்த்து முடிஞ்சுது, ஏறுங்கோ எண்டு கூப்பிடேல்லை, அந்தக் குரல் இல்லாமல்தான் நாங்கள் இவ்வளவு காலமும் நடந்து திரிஞ்சிருக்கிறம். எட்டு வயசுப் பிள்ளை வாசலில நிண்டு ஒவ்வொருத்தருக்கும் கை குடுத்தாள். விதானையார் மாதிரி ஒரு கனத்த மனுசனுக்கும் அந்தச் சின்னக் கையைத்தான் நீட்டினாள், அவரும் அதைப் பிடிச்சுக்கொண்டுதான் ஏறினார்.

கடைசியா ஏறினது கோகிலா. ஏறேக்க வாசலிலயிருந்த சிவப்பு மூடையை இழுத்து எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் காலை எடுத்த பிறகு சுவர் நாலு பக்கமும் அலுங்காமல் சரிஞ்சுது, களைச்ச ஆள் படுக்கிற மாதிரி. செந்தாழினி வீட்டுக்கு நடந்தாள், பாதி வழியில ஒருக்கா நிண்டு திரும்பிப் பார்த்தாள், பின்னால சேறும் தண்ணியும்தான் கிடந்துது. என்ர மில்லில கல்லு ஆள் பார்க்காமல் ஓடிச் சூடேறி, நிப்பாட்டின நாளிலயிருந்து உள்ளுக்குக் கிடந்த அரிசி முழுக்கக் கருகிப்போச்சு. அரிசிக்குச் சொந்தக்காரி வந்து மணந்து பார்த்துப்போட்டு, பரவாயில்லை தவமக்கா எண்டு சொல்லிச் சிரிச்சாள்.

அந்த மாரியோட அந்த இடம் தண்ணி நிறைஞ்ச கேணியாப் போச்சு. கோகிலா மூடையைப் பிரிச்சு, மண்ணைக் கேணிக்குள்ள கொட்டி, கூறைச்சீலையைத் தோய்ச்சு வேலியில காயப்போட்டாள். கட்டுறதுக்கு அதில ஒண்டும் மிஞ்சேல்லை. கிழியாத பக்கத்தை வெட்டி, சரிகைக்கரை கீழை வர, மகளுக்குத் தைப்பொங்கலுக்கு ஒரு சட்டை தைச்சாள். அருட்செல்வம் கேணிக்குக் கல்லால படி கட்டினவன், எல்லாப் படியையும் வேணுமெண்டே இடப்பக்கம் சரிச்சுக் கட்டினவன், வெளியூர்ச் சனம் கால் இடறிப்போட்டு மேசன் சரியில்லை எண்டு பேசும், நாங்கள் திருத்தேல்லை. விதானையாற்ர பிள்ளையள் இப்ப கட்டிலுக்கு மேலை படுக்கிறவை. சின்னவன் கொஞ்சக்காலம் கீழையும் மேலையுமா மாறி மாறிப் படுத்தவன், அதுவும் சரிதான்.

நித்தியகல்யாணி திரும்பி வந்தவ, கேணியடியில இருந்து முழுக் கதையையும் கேட்டவ, கேட்டுப்போட்டு ஆர் உங்களுக்கு இதைச் சொல்லித் தந்தது எண்டு என்னைக் கேட்டவ. ஒருத்தரும் சொல்லித் தரேல்லை, பிள்ளை எங்களைக் கூப்பிட்டாள், நாங்கள் ஏறினம் எண்டு சொன்னன்.

பயம் முழுக்கப் போச்சுது எண்டு நான் பொய் சொல்லமாட்டன். செந்தாழினி இப்ப வளர்ந்த பிள்ளை, வாயும் வளர்ந்திட்டுது, எண்டாலும் எங்கையாவது பட்டாசு கொளுத்தினால் அவளின்ர முகம் ஒருக்கா வெளுக்கும். மற்றப் பிள்ளையளும் விளையாட்டை விட்டுட்டு அவளைத்தான் பார்க்குங்கள். அவள் காதைச் சரிச்சுக் கேட்டுப்போட்டு, உது பக்கத்து ஊர்க் கலியாணவீடு எண்டு சொல்லுவாள். அதுக்குப் பிறகுதான் எங்கட ஊரில எல்லாரும், என்னைப்போலக் கிழடு கட்டையளும் சேர்த்து, மூச்சை விடுறது.